டிக்கெட்ஜி

பழைய மகாபலிபுரம் சாலையில் எந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் இவரைப் பார்க்காமல் வெளியே வர முடியாது. கழுத்தில் அடையாள அட்டை, ஒரு கையில் சார்ஜர், இன்னொரு கையில் திறந்தபடி லேப்டாப். மூடினால் வி.பி.என். அறுந்துபோகும், நடந்துகொண்டிருக்கும் கால் கட்டாகும். அதனால் ஆரத்தித் தட்டு ஏந்துகிறவரின் நிதானத்தோடு அதை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டே லிஃப்டில் ஏறுவார், கேன்டீன் வரிசையில் நிற்பார், தயிர்சாதத்துக்கு டோக்கன் வாங்குவார்.

பதவி, ஸ்க்ரம் மாஸ்டர். போன ப்ராஜெக்டில் ப்ராஜெக்ட் மேனேஜராக இருந்தார். அதற்கு முன்னால் டீம் லீட். வேலை ஒன்றும் பெரிதாக மாறவில்லை, மெயிலின் அடியில் பெயருக்குக் கீழே வரும் வரிதான் மாறியது. நடுவில் இரண்டு நாள் வகுப்புக்குப் போனார். ஐம்பது கேள்வி கொண்ட ஆன்லைன் தேர்வில் முப்பத்தேழு சரியாக இருந்தால் பாஸ். பாஸானார். அன்று முதல் மீட்டிங்குக்கு மீட்டிங் என்று சொல்வதை விட்டுவிட்டார். எல்லாம் ‘செரிமனி’.

டீம் அவருக்கு வைத்திருக்கும் பெயர் டிக்கெட்ஜி. எதைச் சொன்னாலும் “ஜிரால ஒரு டிக்கெட் போட்டுடுங்க” என்பார். ஜிரா, வேலைகளைப் பதிவுசெய்து பின்தொடரும் மென்பொருள். அதில் ஒரு பதிவுதான் டிக்கெட். சர்வர் படுத்துவிட்டதா, டிக்கெட். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு மறந்துவிட்டதா, டிக்கெட். ஒரு நாள் சீனியர் டெவலப்பர் வந்து, “ஜி, பேப்பர் போட்டுட்டேன்” என்றான். இரண்டு விநாடி யோசித்தார். “அது ஹெச்.ஆர். பார்த்துப்பாங்க. நம்ம போர்டுல நாலெட்ஜ் ட்ரான்ஸ்ஃபருக்கு மட்டும் ஒரு டிக்கெட் போட்டுடுங்க” என்றார். டிக்கெட் இல்லாமல் நடந்த வேலை நடக்காத வேலை. இதுதான் அவருடைய சித்தாந்தம்.

சித்தாந்தத்துக்கு மூல நூல் உண்டு. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் பதினேழு மென்பொருள்காரர்கள் கூடினார்கள். கட்டுக்கட்டாகக் காகிதம் எழுதி, இரண்டு வருடம் கழித்து யாருக்கும் உதவாத மென்பொருளைக் கொடுக்கும் வழக்கத்தால் நொந்துபோயிருந்தவர்கள். ‘அஜைல்’ என்று பெயர் வைத்து நான்கு விழுமியங்களை எழுதினார்கள். அதன் சாரம் ஒரு தபால் அட்டையில் அடங்கும்: கருவியைவிட ஆளும் பேச்சும் பெரிது, ஆவணத்தைவிட ஓடுகிற மென்பொருள் பெரிது, ஒப்பந்தப் பேரத்தைவிட வாடிக்கையாளரோடு சேர்ந்து உழைப்பது பெரிது, போட்ட திட்டத்தைவிட மாற்றத்துக்கு ஈடுகொடுப்பது பெரிது. ஆவணத்தைக் குறைக்கச் சொல்லும் இந்த அறிக்கையை டிக்கெட்ஜி எண்பது ஸ்லைடில் விளக்குவார். ஸ்லைடுக்கு வெர்ஷன் நம்பர் உண்டு, கடைசிப் பக்கத்தில் ஒப்புதல் கையெழுத்துக்கு இடமும் உண்டு.

அஜைல் முறைகளில் ஒன்றான ஸ்க்ரமுக்குத் தனியாக ஒரு கையேடு இருக்கிறது. கென் ஷ்வாபரும் ஜெஃப் சதர்லாண்டும் 2010-ல் முதலில் வெளியிட்டார்கள். 2020-ல் திருத்திய பதிப்பு பதினைந்து பக்கம்கூட வராது. அதில் தினசரிக் கூட்டத்துக்குப் பதினைந்து நிமிடம் என்று இருக்கிறது. நின்றுகொண்டுதான் பேச வேண்டும் என்று இல்லை. ஸ்டோரி பாயின்ட் என்ற பேச்சே இல்லை. நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய், என்ன தடை என்று முந்தைய பதிப்புகளில் இருந்த மூன்று கேள்விகளையும் 2020-ல் எடுத்துவிட்டார்கள். டிக்கெட்ஜியிடம் அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. யாராவது டிக்கெட் போட்டிருக்க வேண்டும்.

காலை பத்தரைக்கு ‘வைகை’ என்று பெயரிட்ட மீட்டிங் அறைக்குப் போங்கள். ஸ்டாண்ட்-அப் நடக்கிறது. எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

“கைஸ், க்விக்கா முடிச்சிடலாம். யாரு ஃபர்ஸ்ட்?”

மதுரைத் தம்பி தொண்டையைச் செருமிக்கொள்கிறான். “நேத்து எக்ஸ்போர்ட் பட்டன்ல வொர்க் பண்ணேன் ஜி. இன்னிக்கும் எக்ஸ்போர்ட் பட்டன்ல வொர்க் பண்றேன். நோ ப்ளாக்கர்ஸ்.”

“எவ்ளோ முடிஞ்சிருக்கு?”

“நைன்ட்டி பர்சென்ட் ஜி.”

“நேத்தும் நைன்ட்டி தானேப்பா?”

“அது வேற நைன்ட்டி ஜி.”

டிக்கெட்ஜி அதைக் குறித்துக்கொள்கிறார். அடுத்து டெஸ்ட்டர் பெண்.

“டெஸ்ட் டேட்டா வரல ஜி. ஆன்சைட்ல கேட்டு நாலு நாளாச்சு.”

“டிபென்டன்சி. டிக்கெட் போட்டாச்சாம்மா?”

“போட்டாச்சு ஜி.”

“சூப்பர்.”

அவர் முகத்தில் ஒரு தெளிவு. டேட்டா வரவில்லைதான். ஆனால் வராத விஷயம் முறைப்படி பதிவாகிவிட்டதே!

அப்போதுதான் ஓரத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேருக்குத் திடீரென்று ஒரு சந்தேகம். ஒரே டேட்டாபேஸ் டேபிளில் இவன் ஒரு காலத்தை நீக்கிக்கொண்டிருக்கிறான், அவன் அதே காலத்தை நம்பி ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருக்கிறான். “டேய், அந்த ஸ்டேட்டஸ் காலத்தையா தூக்குற?” என்று ஒருவன் பதறுகிறான். அன்று காலை அந்த அறையில் பேசப்பட்ட ஒரே உருப்படியான விஷயம் இதுதான். டிக்கெட்ஜி கையை உயர்த்துகிறார். “கைஸ், டைம் பார்ப்போம். இதை ஆஃப்லைன்ல எடுத்துக்கலாம்.” பிறகு இருபது நிமிடம் டைம்ஷீட்டில் எந்தக் கோடு போட வேண்டும் என்று விளக்குகிறார்.

அந்த டேபிள் பிரச்சினை தீராமல் போகவில்லை. பதினொன்றே காலுக்கு வாசலில் இருக்கும் டீக்கடையில் தீர்ந்தது. நாலு பேர், நின்றுகொண்டே, ஆளுக்கு ஒரு டீயும் இரண்டு பேருக்கு ஒரு வாழைக்காய் பஜ்ஜியும். பத்து நிமிடம் ஆகவில்லை. கையேட்டை எழுதியவர்கள் பார்த்திருந்தால் அந்தக் கடைக்காரருக்கும் ஒரு சர்டிஃபிகேட் கொடுத்திருப்பார்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எஸ்டிமேஷன் நடக்கும். அதற்கு ‘ப்ளானிங் போக்கர்’ என்று ஒரு முறை உண்டு. 2002-ல் ஜேம்ஸ் க்ரென்னிங் எழுதியது. ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு, பதின்மூன்று என்று அட்டைகள். ஒரு வேலை எவ்வளவு பெரிது என்று ஒவ்வொருவரும் மனதுக்குள் நினைத்து, எல்லோரும் ஒரே நேரத்தில் அட்டையைத் திருப்ப வேண்டும். பெரியவர் சொன்னதைச் சின்னவர் வழிமொழியக் கூடாது என்பதற்காகத்தான் ‘ஒரே நேரம்’. இங்கே லீட் முதலில் சாட்டில் ஐந்து என்று தட்டுவார். பின்னாலேயே வரிசையாக ஐந்து, ஐந்து, ஐந்து. புதிதாகச் சேர்ந்த பையன் மட்டும் தெரியாத்தனமாகப் பதின்மூன்று என்று தட்டிவிட்டு, அவசரமாக அழித்து ஐந்து போடுவான். “கன்சென்சஸ்! க்ரேட் டீம்!” என்பார் டிக்கெட்ஜி. அந்த வேலை பதின்மூன்று நாள் எடுக்கும்போது யாருக்கும் அந்தப் பையன் நினைவு வராது.

அட்டையில் வரும் இந்த எண்தான் ஸ்டோரி பாயின்ட். அது நாள் கணக்கு இல்லை. “மூன்று நாள் என்றாயே, ஏன் ஒன்பது நாளாச்சு?” என்று மேலிடம் நச்சரிக்கிறது என்பதால்தான் நாளை விட்டுவிட்டு பாயின்டுக்குப் போனார்கள். இதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவராகச் சொல்லப்படும் ரான் ஜெஃப்ரீஸே பின்னாளில் இதற்காக வருத்தம் தெரிவித்து எழுதியிருக்கிறார். டிக்கெட்ஜிக்கு அந்த வருத்தம் கிடையாது. அவருடைய எக்செல்லில் ஒளித்துவைத்த ஒரு காலம் இருக்கிறது: ஒரு பாயின்ட், எட்டு மணி நேரம்.

இதெல்லாம் பகல் நேரத்து வேலை. அவருடைய உச்சம் மாலையில்தான். வாடிக்கையாளர் ஒஹையோவில் இருக்கும் ஒரு கிடங்கு நிறுவனம். அங்கே காலை ஒன்பது என்றால் இங்கே மாலை ஆறரை. நவம்பர் முதல் ஞாயிறன்று அமெரிக்கா கடிகாரத்தைத் திருப்பிவைத்ததும் அது ஏழரையாகிவிடும். வருடா வருடம் அந்தத் திங்கட்கிழமை பாதி டீம் ஆறரைக்கே வந்து, காலியான காலில் ஒருவரையொருவர் “ஆடிபிளா?” என்று கேட்டுக்கொண்டிருக்கும்.

ரெக்வயர்மென்ட் கால் தொடங்குகிறது. எதிர்முனையில் ப்ராடக்ட் ஓனர். கிடங்கில் வேலை செய்கிறவர் இல்லை, கிடங்கில் வேலை செய்கிறவர்களின் மேனேஜருக்கு மேனேஜர். அவர் சொல்லும் முதல் தேவை, உலகத்தில் எந்த ப்ராஜெக்டிலும் வரும் முதல் தேவை: “பழைய சிஸ்டத்தில் இருக்கிற மாதிரியே வேண்டும். ஆனால் புதுசாக இருக்க வேண்டும்.” இரண்டாவது: “அப்புறம், லிஸ்டை எக்செல்லில் எக்ஸ்போர்ட் செய்ய ஒரு பட்டன்.”

இந்த இடத்தில் ‘எதற்கு’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. டிக்கெட்ஜி கேட்டது வேறு. பட்டன் வலது மூலையிலா, இடது மூலையிலா? பச்சையா, நீலமா? கம்பெனி லோகோ வேண்டுமா? ஃபைலுக்கு பாஸ்வேர்டு? ஃபைல் பெயரில் தேதி முன்னால் வரணுமா, பின்னால் வரணுமா? எதிர்முனையில் இருந்தவருக்கு இதில் எதைப் பற்றியும் அபிப்பிராயம் இருந்ததில்லை. கேட்ட பிறகு எல்லாவற்றிலும் வந்துவிட்டது. ஐந்து கேள்வி, ஐந்து டிக்கெட்.

பிறகு அதை யூசர் ஸ்டோரியாக எழுத வேண்டும். ‘இன்னாராக, எனக்கு இன்னது வேண்டும், இன்ன பயனுக்காக’ என்று ஒரு வாய்பாடு உண்டு. 2001 வாக்கில் லண்டனில் கனெக்ஸ்ட்ரா என்ற கம்பெனியில் புழக்கத்துக்கு வந்தது. முதல் பகுதி யார் என்று சொல்கிறது, கடைசிப் பகுதி எதற்கு என்று சொல்கிறது. டிக்கெட்ஜி எழுதியது: ‘ஒரு யூசராக, எனக்கு எக்செல் எக்ஸ்போர்ட் வேண்டும், எக்செல்லில் எக்ஸ்போர்ட் செய்வதற்காக.’ இலக்கணப் பிழை இல்லை. மூன்று பகுதியும் நிரம்பியிருக்கிறது. ஜிராவும் சிவப்பாக எதுவும் காட்டவில்லை.

இந்த ஸ்டோரி அட்டையைக் கண்டுபிடித்தவர்களின் எண்ணமே வேறு. தொண்ணூறுகளில் கிரைஸ்லர் கார் கம்பெனியின் சம்பளப் பட்டுவாடா ப்ராஜெக்டில் கென்ட் பெக் நடத்திய முறையில், வாடிக்கையாளர் டீமோடு வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். அட்டையில் ஒரு வரிதான் இருக்கும். மீதியை அவரிடம் திரும்பிக் கேட்டுக்கொள்ளலாம். அட்டை என்பது பேச வேண்டும் என்பதை ஞாபகப்படுத்தும் முடிச்சு, அவ்வளவுதான். இங்கே வாடிக்கையாளர் வருவதில்லை. நம் ஆள் விசா வாங்கிக்கொண்டு போய் அங்கே உட்கார்ந்திருக்கிறான். அவன் உட்கார்ந்திருப்பதும் மேனேஜர் அறைக்குப் பக்கத்தில்தான், கிடங்குக்குப் பக்கத்தில் இல்லை.

டிக்கெட்ஜிக்குக் கேள்வி கேட்கத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். இரவு ஒன்பது மணிக்கு மேடவாக்கத்தில் அவர் வீட்டுக்குப் பக்கத்து மளிகைக் கடையில் பாருங்கள். மனைவியிடமிருந்து வாட்ஸ்அப் வந்திருக்கிறது: ‘பருப்பு, கொத்தமல்லி, எண்ணெய்.’ உடனே போன் போடுகிறார்.

“என்ன பருப்பும்மா? துவரையா, பாசியா?”

“துவரைதாங்க. சாம்பாருக்கு வேற என்ன போடுவாங்க?”

“கொத்தமல்லி தழையா, விதையா?”

“விதை.”

“விதை எதுக்கு? ரசப்பொடி அரைக்கவா?”

“ஆமாங்க.”

“அப்ப மிளகு இருக்கா பாரு. போன மாசம் டப்பால அடியில கிடந்துச்சு.”

ஒரு நிமிட மௌனம். “அட, ஆமாங்க. மிளகும் நூறு கிராம் வாங்கிட்டு வந்துடுங்க.”

பாருங்கள், யாரும் கேட்காத மிளகைக் கேட்டு வாங்குகிறார்! இதைவிட நல்ல ரெக்வயர்மென்ட் அனாலிசிஸை எந்த வகுப்பிலும் சொல்லித்தர முடியாது. எதற்கு என்று கேட்டார், பயன்படுத்துகிறவரிடமே கேட்டார், சொல்லாமல் விட்டதையும் கண்டுபிடித்தார். காரணம் எளிது. தப்பாக வாங்கினால் மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்கு வரப்போகிறவர் அவர்தான், மிளகில்லாத ரசத்தைச் சாப்பிடப்போகிறவரும் அவர்தான். ஒஹையோ கிடங்கில் தப்பான லிஸ்டை வைத்துக்கொண்டு நடக்கப்போகிறவர் வேறு யாரோ.

ஆபீஸில் அந்தக் கேள்வியை அவர் கேட்காததற்கு அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. எதற்கு என்று கேட்டால் ஒருவேளை தேவையே மாறலாம். தேவை மாறினால் சேஞ்ச் ரிக்வெஸ்ட். அதற்கு இந்தப் பக்கம் மூன்று ஒப்புதல், அந்தப் பக்கம் மூன்று ஒப்புதல். ரிலீஸ் தேதியோ ஒரு டெவலப்பர்கூட டீமில் சேர்வதற்கு முன்பே சேல்ஸ்காரர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. முன்வாசலில் இரண்டு வார ஸ்பிரிண்ட், பின்கட்டில் எல்லாவற்றையும் முதலிலேயே முடிவுசெய்துவிடும் பழைய வாட்டர்ஃபால். அந்தப் பழைய முறையின் படத்தை 1970-ல் தன் கட்டுரையில் போட்ட வின்ஸ்டன் ராய்ஸ், இதை இப்படியே நடத்தினால் ஆபத்து என்று அதே கட்டுரையில் எச்சரித்தார். படம் பரவிய வேகத்தில் எச்சரிக்கை பரவவில்லை.

அதோடு மேலிடத்துக்கு ஒரே ஒரு எண்தான் தெரியும், வெலாசிட்டி. போன ஸ்பிரிண்டில் நாற்பது பாயின்ட், இந்த ஸ்பிரிண்டில் முப்பத்தாறு என்றால், “ஏன் குறைஞ்சது?” என்று டெலிவரி மேனேஜர் கேட்பார். அடுத்த ஸ்பிரிண்டில் மூன்று பாயின்ட் வேலையெல்லாம் ஐந்தாகிவிடும். வேலை அதேதான், வெலாசிட்டி கிடுகிடுவென்று ஏறும். எல்லோருக்கும் சந்தோஷம்.

ஸ்பிரிண்ட் முடிவில் ரெட்ரோ. எது நன்றாக நடந்தது, எது சரியில்லை என்று மஞ்சள் சீட்டில் எழுதி ஒட்டுவார்கள். ஒவ்வொரு முறையும் ‘ரெக்வயர்மென்ட் க்ளியரா இல்லை’ என்று நான்கு சீட்டாவது வரும். டிக்கெட்ஜி அதை ஆக்‌ஷன் ஐட்டமாக எழுதி, பொறுப்பாளர் என்ற இடத்தில் ‘டீம்’ என்று போடுவார். அந்த டீம் என்கிற ஆசாமி இன்றுவரை ஒன்றையும் முடித்துக்கொடுத்ததில்லை.

ஆனால் ரிலீஸ் இரவில் அவரைப் பார்க்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு டிப்ளாய்மென்ட் புட்டுக்கொள்ளும்போது கேமராவை ஆன் செய்துகொண்டு கூடவே உட்கார்ந்திருப்பார். அவர் அங்கே செய்ய எதுவும் இல்லை, இருந்தும் போகமாட்டார். டெஸ்ட்டர் பெண்ணுக்கு கேப் வந்ததா, கூட செக்யூரிட்டி ஏறினாரா என்று இரண்டு தடவை விசாரிப்பார். மதுரைத் தம்பியின் தங்கை கல்யாணத்துக்கு ஸ்பிரிண்ட் நடுவில் ஐந்து நாள் லீவு கேட்டபோது, மேலிடத்திடம் என்ன சொல்லிச் சமாளித்தார் என்பது யாருக்கும் தெரியாது. அதற்கு மட்டும் டிக்கெட் கிடையாது.

போன மாதம் டெமோ. எக்ஸ்போர்ட் பட்டன் ஒருவழியாக நூறு பர்சென்ட் ஆகியிருந்தது. இருபத்தொரு பாயின்ட் வேலை. அன்றைக்கு ப்ராடக்ட் ஓனர் பெருமைக்காகக் கிடங்கிலிருந்து ஒருவரைக் காலில் சேர்த்திருந்தார். ஷிஃப்ட் இன்சார்ஜ் அம்மா. பின்னால் ஃபோர்க்லிஃப்ட் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மதுரைத் தம்பி பட்டனை அமுக்கினான். பாஸ்வேர்டு கேட்டது. லோகோவோடு ஃபைல் திறந்தது. பச்சை, நீலம், தேதி எல்லாம் கச்சிதம்.

“அழகாக இருக்கிறது” என்றார் அந்த அம்மா. “ஆனால் எனக்கு எதற்கு எக்செல்?”

ப்ராடக்ட் ஓனர் இருமினார். “நீங்கள் தினமும் எக்செல்தானே உபயோகிக்கிறீர்கள்?”

“பழைய சிஸ்டம் லிஸ்டை ஆர்டர் நம்பர் வரிசையில் கொடுக்கிறது. அப்படியே எடுத்துக்கொண்டு போனால் கிடங்கின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தே செத்துவிடுவேன். அதனால் எக்செல்லில் போட்டு ரேக் நம்பர் வரிசைக்கு மாற்றி பிரிண்ட் எடுக்கிறேன். லிஸ்டே ரேக் வரிசையில் வந்துவிட்டால் எக்செல்லை நான் ஏன் திறக்கப்போகிறேன்?”

காலில் இருந்த பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் மியூட்டில் போனார்கள். கொஞ்ச நேரம் கழித்து மதுரைத் தம்பியின் குரல் மட்டும் கேட்டது. “ஒரு தடவை ரெஃப்ரெஷ் பண்ணிப் பாருங்க மேடம்.” அவன் மாற்றியது ஒரே ஒரு வரி. லிஸ்டை வரிசைப்படுத்தும் ‘ஆர்டர் பை’க்குப் பக்கத்தில் ஆர்டர் நம்பர் இருந்த இடத்தில் ரேக் நம்பர்.

“இதுதான்! இதேதான்!” என்றார் அந்த அம்மா. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவரைக்கூடக் கூப்பிட்டுக் காட்டினார்.

டிக்கெட்ஜிக்குக் கண் கலங்கிவிட்டது. கால் முடிந்ததும் தம்பியின் தோளைத் தட்டினார். “சூப்பர்ப்பா. ஆமா, இதுக்கு டிக்கெட் இருக்கா?” இல்லை. அன்றிரவே போடப்பட்டது, எட்டு பாயின்ட். யாருக்கும் தேவைப்படாத எக்ஸ்போர்ட்டின் இருபத்தொன்றும் சேர, அந்த ஸ்பிரிண்டின் வெலாசிட்டி ப்ராஜெக்ட் தொடங்கிய நாளிலிருந்து பார்க்காத உயரத்தைத் தொட்டது. டெலிவரி மேனேஜர் பாராட்டி மெயில் போட்டார்.

அடுத்த ரெட்ரோவில் டிக்கெட்ஜியே எழுந்து ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டினார்: ‘உண்மையான யூசரிடம் பேச வேண்டும்.’ பொறுப்பாளர் என்ற இடத்தில் முதல் முறையாகத் தன் பெயரையே எழுதினார். சொன்னபடி அன்று மாலையே அந்த அம்மாவுக்கு அழைப்பு அனுப்பிவிட்டார்: இனிமேல் தினமும் நம் ஸ்டாண்ட்-அப்பில் கலந்துகொள்ள வேண்டும், உங்களுக்கு வசதியாக நேரத்தை மாற்றிக்கொள்கிறோம், பதினைந்தே நிமிடம்தான்.

பதில் மறுநாளே வந்தது. மன்னிக்க வேண்டுமாம், கலந்துகொள்ள இயலாதாம். அவருக்கு வேலை இருக்கிறதாம்.